எவருக்கும் இல்லாத தண்ணீர்

தன்னிடமுள்ள ஒரு நன்மையை அயலானோடு பகிர்ந்துகொள்ள மனமில்லாத ஒருவன், அந்நன்மையையே அழித்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இனி அது அயலானுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. இருவரும் இழந்தது ஒன்றே. அப்படியாயின் இருவரும் சமமாகிவிட்டனரா? அயலானுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று முறையிட இனி இடமுண்டா? சிறு பிள்ளைகளின் வழக்குப்போலத் தோன்றும் இக்கேள்வியை அமெரிக்க ஐக்கிய நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1971ஆம் ஆண்டில் விசாரித்துத் தீர்ப்புக் கூறியது. வழக்குக்குப் பொருளாக இருந்தவை பொது நீச்சல் தடாகங்கள்.

மிஸிஸிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்சனில் மாநகர சபையின் பொறுப்பில் ஐந்து தடாகங்கள் இருந்தன. அவற்றில் நான்கு வெள்ளையருக்கு. ஒன்று கறுப்பின மக்களுக்கு. 1962இல் கீழ் நீதிமன்றம் ஒன்று இப்பாகுபாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறியது. மாநகர சபை பூங்காக்களையும் மிருகக் காட்சிச்சாலையையும் கோல்ஃப் திடல்களையும் எல்லாருக்கும் திறந்துவிட்டது. தடாகங்களை மட்டும் திறக்கவில்லை. தனக்குச் சொந்தமான நான்கையும் மூடியது. வை.எம்.சி.ஏ. சங்கத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்றிருந்த ஐந்தாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அது பின்னர் வெள்ளையருக்கெனவே நடத்தப்பட்டது. மரநிழலில் ஒன்றாக நடக்கலாம், புலியை ஒன்றாகப் பார்க்கலாம், ஒரே நீரில் மட்டும் இறங்கலாகாது என்பது ஜாக்சன் நகரத் தந்தையரின் தத்துவம்.

வழக்கு அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தபோது ஐந்து நீதியரசர்கள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். பள்ளிக்கூடங்களில் இனப் பாகுபாட்டை நீக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தாமும் இணைந்து நின்றவர் அவர் என்பதை மறத்தலாகாது; எனவே இதனை வெறும் துவேஷத்தின் குரல் என்று தள்ளிவிட முடியாது. அவர் காட்டிய நியாயம் ஏறத்தாழ இதுதான்: தடாகம் நடத்தியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் ஒரு நகரத்தைக் கட்டாயப்படுத்தவில்லை; மூடியது இரு இனத்தாருக்கும் பொதுவாகவே மூடப்பட்டது; பாதுகாப்பாகவும் நட்டமின்றியும் நடத்த முடியாது என்று நகரம் காரணம் கூறுகிறது; சட்டமியற்றுவோரின் உள்ளத்தைத் துருவி ஆராய்வது நீதிமன்றத்தின் வேலையன்று.

இந்நியாயத்தில் வலுவில்லை என்று நாம் கூறமாட்டோம். உள்ளங்களை விசாரிக்கத் தொடங்கினால் எந்த ஆட்சியும் நிலைபெறாது. தடாகம் இல்லாத ஊர்கள் உலகில் எத்தனையோ உள்ளன. அவையெல்லாம் அநீதியான ஊர்கள் என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும், ஒன்றைக் கட்டாமலே இருப்பதும், கட்டியிருப்பதை அயலான் வாயிலில் கால்வைத்த நாளன்று இழுத்து மூடுவதும் ஒரே செயலாகுமா? பந்தி விரிக்காத வீட்டுக்காரன் ஏழையாக இருக்கலாம், உலோபியாக இருக்கலாம். விரித்த பந்தியை, இன்னார் வந்து அமர்ந்தார் என்பதற்காகச் சுருட்டி எடுப்பவன் வேறோர் இனத்தைச் சேர்ந்தவன். அவன் தன் இலையையும் சேர்த்தே எடுக்கிறான் என்பது வந்தவருக்கு ஏற்பட்ட அவமதிப்பைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. உன்னோடு உண்பதினும் பட்டினி கிடப்பது மேல் என்றல்லவா அவன் சொல்லாமற் சொல்கிறான்!

தண்ணீருக்கு மட்டும் ஏன் இத்தனை மூர்க்கம் என்பதையும் கேட்டாக வேண்டும். ஜெஃப் வில்ட்ஸி என்னும் வரலாற்றாசிரியர் அமெரிக்கப் பொதுத் தடாகங்களைப் பற்றி 2007இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் நம்மை வியக்கச் செய்யும் செய்தி ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டு நகரங்கள் கட்டிய முதற் தடாகங்கள் விளையாட்டுக்காக எழுந்தவையல்ல. வீட்டில் குளிக்க வசதியற்ற தொழிலாளர் அழுக்குப் போக்கிக்கொள்வதற்காக எழுந்தவை. அங்கே ஆண்களுக்கு ஒரு நாளும் பெண்களுக்கு வேறு நாளுமாக ஒதுக்கப்பட்டது. வட மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும், அன்றுதான் கப்பலிலிருந்து இறங்கிய ஐரோப்பிய ஏழைகளும் ஒரே நீரில் குளித்தனர். நடுத்தர வர்க்கத்தார் அந்தப் பக்கமே வரவில்லை. பிரிவு அன்று வர்க்கப் பிரிவாகவும் ஆண் பெண் பிரிவாகவுமே இருந்தது.

1920களில் தடாகங்கள் பெருத்தன; மணற்பரப்பும் புற்றரையும் சேர்ந்தன; வசதி படைத்தோரும் வரத் தொடங்கினர்; ஆணும் பெண்ணும் ஒன்றாக நீந்தலாம் என்றாயிற்று. அந்த வேளையிலேதான் வட நகரங்களிலும் கறுப்பின மக்கள் வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளைப் பெண்ணின் அருகே கறுப்பின ஆடவன் நீந்துவதா என்ற பீதியே அதற்கு மூலம் என்பது வில்ட்ஸியின் முடிவு. நோய் பரவும், நீர் அழுக்காகும் என்றெல்லாம் பேசப்பட்ட நியாயங்கள் மேற்பூச்சு. ஒரு வேலியை அகற்றிய கையே இன்னொரு வேலியை நட்டது. முன்னேற்றம் என்பது எல்லாத் திசையிலும் ஒருங்கே நடைபெறுவது என நம்புவோர் இவ்வரலாற்றைச் சிறிது நின்று பார்ப்பது நன்று.

வேலியை அகற்றுமாறு சட்டம் கட்டளையிட்டபோது நடந்தவை பல. சென்ற் லூயிஸ் நகரின் ஃபெயர்கிரவுண்ட் பூங்காத் தடாகம் மிகப் பெரியது. ஒரு கோடைப் பருவத்தில் மூன்று இலட்சம் தடவைக்கு மேல் மக்கள் வந்து நீந்திய இடம். 1949 ஜூன் 21ஆம் நாள் அது முதன்முதலாகக் கறுப்பினச் சிறுவருக்கும் திறக்கப்பட்டது. அன்றே வெள்ளையர் கும்பல் திரண்டு அச்சிறுவரைத் தாக்கியது. கலகம் இரவுவரை நீண்டது. மறு ஆண்டு நீதிமன்றக் கட்டளையால் தடாகம் மீண்டும் திறந்தபோது வெள்ளையர் வரவே மறுத்தனர். வருகை தேய்ந்து தேய்ந்து, 1956இல் தடாகம் மூடப்பட்டது. அலபாமாவின் மொண்ட்கொமரி நகரம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. பாகுபாட்டுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டதும், 1959 தொடக்கத்தில் நகரின் எல்லாப் பூங்காக்களையும் ஒருங்கே மூடியது. ஓக் பூங்காவின் தடாகத்தில் மண் கொட்டி நிரப்பினர். மிருகக் காட்சிச்சாலையின் விலங்குகளையும் அகற்றிவிட்டனர். 1965இல் பூங்காக்கள் திறந்தன, தடாகம் திரும்பவில்லை.

மண் கொட்டியபோது இழந்தவர் யார்? கறுப்பினக் குழந்தை அத்தடாகத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை. அது இழந்தது ஒரு நம்பிக்கையை. நேற்றுவரை நீந்திய வெள்ளைத் தொழிலாளியின் குழந்தையே நீரை இழந்தது. செல்வனின் குழந்தை எதையும் இழக்கவில்லை. அதற்குச் சங்கத் தடாகம் இருந்தது, வீட்டின் பின்புறத் தடாகம் இருந்தது. 1950இல் அமெரிக்காவில் வீட்டுத் தடாகங்கள் சில ஆயிரமே. நூற்றாண்டு முடிவதற்குள் அவை நாற்பது இலட்சத்தை எட்டின என்று மதிப்பிடுகின்றனர். பொதுவானது புதைக்கப்பட்ட அதே தலைமுறையில் தனியானது முளைத்துப் பெருகியிருக்கிறது. ‘இருவருக்கும் சமமாக மூடினோம்’ என்னும் வாதம் இங்கேதான் உடைந்துபோகிறது. பணம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே பூட்டு ஒரே பொருளைத் தருவதில்லை. தன் குழந்தையின் நீரைத் தானே மண்ணிட்டு மூடிய வெள்ளை ஏழைக்கு அதற்கு ஈடாகக் கிடைத்தது, தான் கறுப்பனல்லன் என்ற எண்ணம் ஒன்றே. அந்த எண்ணத்தைக் குடித்து எவரும் தாகம் தீர்த்ததில்லை.

இதனை நம் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கிணற்றடியில் வெறுங்குடத்தோடு, உயர்சாதிக்காரர் ஒருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை காத்து நின்றவர்களின் பிள்ளைகள் இவ்விதழைப் படிக்கிறார்கள். 1957இல் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், பொதுக் கிணற்றில் நீரள்ளுவோரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1927 மார்ச் 20இல், மராட்டிய நாட்டு மஹாட்டில் அம்பேத்கரும் அவரைப் பின்தொடர்ந்த மக்களும் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினர். அக்குளத்தை எல்லாருக்கும் திறப்பதாக நகர சபை 1924இலேயே தீர்மானித்திருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. மக்கள் குடித்துச் சென்றபின் சநாதனிகள் 108 குடங்களில் பாலும் தயிரும் கோசலமும் சாணமும் கொண்டுவந்து ஊற்றிக் குளத்தைப் ‘புனிதப்படுத்தினார்கள்’. பம்பாய் உயர் நீதிமன்றம் ஒடுக்கப்பட்டோரின் உரிமையை உறுதிசெய்தபோது 1937ஆம் ஆண்டு பிறந்திருந்தது. மஹாட்டாருக்கும் மொண்ட்கொமரியாருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவர் தீண்டாமையைப் போற்றினர். ஆனால் குளத்தை விட மனமில்லை. அவர்களுக்கு அது குடிநீர். பின்னவரின் வெறுப்பு தம் தேவையையே விழுங்கிவிட்டது. எது கொடிது என்று எம்மைக் கேட்டால், தேவை இருந்ததனால் மஹாட்டில் போராட ஒரு குளமாவது எஞ்சியிருந்தது என்றே விடை கூறுவோம்.

இது தென் மாநிலங்களின் கதை, எங்களதன்று என்று வட அமெரிக்க நகரத்தார் கைகழுவி விடுவதுண்டு. ஆகவே நியூயோர்க்கின் மக்கேரன் பூங்காத் தடாகத்தைச் சிறிது நின்று பார்ப்போம். அதன் கதையில் திறப்பும் மூடலும் மறு திறப்பும் மூன்றும் இருக்கின்றன.

1936ஆம் ஆண்டுக் கோடை அந்நகரம் கண்ட கொடிய கோடைகளுள் ஒன்று. ஜூலை 9ஆம் நாள் வெப்பம் 106 பாகை ஃபரன்ஹைற்றை எட்டியது. பெரும் பொருளாதார மந்தத்தின் ஆண்டுகள் அவை; வேலையற்றோர் இலட்சக்கணக்கில் இருந்தனர். ரூஸ்வெல்ற் ஆட்சியின் பொதுவேலைத் திட்டத்தின் கீழ், அந்த ஒரே கோடையில் பதினொரு மாபெருந் தடாகங்கள் திறக்கப்பட்டன. நகர முதல்வர் லா குவார்டியா. பூங்காத்துறை ஆணையாளர் றொபேட் மோசஸ். புரூக்ளினில் கிரீன்பொயின்ற், வில்லியம்ஸ்பேர்க் என்னும் தொழிலாளர் பகுதிகளின் எல்லையில் அமைந்த மக்கேரன் தடாகம் ஜூலை 31ஆம் நாள் திறந்தது. அதன் நீளம் 330 அடி, அகலம் 165 அடி. ஒரே வேளையில் 6,800 பேர் நீந்தலாம். செங்கல்லால் எழுப்பிய வளைவுகளோடு கூடிய அதன் வாயில் ஒரு பழைய ரோமாபுரி நீராடுமண்டபத்தை நினைவூட்டும். ஏழைகளுக்குக் கட்டுவது ஏழ்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்காத ஒரு காலம் அமெரிக்காவிலும் இருந்தது. வேலையற்றோர் தம் கையாலேயே தம் பிள்ளைகளுக்கு இவற்றைக் கட்டினர் என்பதையும் சொல்லவேண்டும்.

புகழ்ந்துகொண்டே போகவும் இயலவில்லை. ஈஸ்ற் ஹார்லத்திலிருந்த தடாகத்துக்குக் கறுப்பின மக்கள் வராதிருக்கும்பொருட்டு மோசஸ் அதன் நீரை வேண்டுமென்றே குளிராக வைத்தார் என்று றொபேட் காரோ 1974இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். பின்வந்த ஆய்வாளர் சிலர் இதனை ஏற்கத் தயங்குகின்றனர். நீர் குளிர்ந்ததோ இல்லையோ, நியூயோர்க்கில் எழுதப்பட்ட தடைச்சட்டம் இருக்கவில்லை. யார் எந்தத் தடாகத்துக்குச் செல்வது என்பதைத் தெருக்களும் கைகலப்புகளும் தீர்மானித்தன.

1970களில் நகரம் கடனில் மூழ்கியது. செலவைக் குறைக்கத் துணிந்த ஆட்சியாளர் முதலில் கைவைத்தது, எங்கும்போல், ஏழைகள் மிதித்த இடங்களிலேதான். மக்கேரனின் சுவர்கள் பெயர்ந்தன, குழாய்கள் துருப்பிடித்தன. 1984இல் திருத்த வேலைக்கென அது மூடப்பட்டது. நாம் இங்கே நின்று சிந்திக்க வேண்டியது அடுத்து நடந்ததைப் பற்றியாகும். வேலை தொடங்க இருந்தபோது அயலில் வாழ்ந்தோர் சிலர் மறியல் செய்து அதனைத் தடுத்தனர். அவர்களும் உழைக்கும் மக்களே. பெரும்பாலும் போலந்து, இத்தாலி நாடுகளிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். தடாகம் சிறியதாக வேண்டும், வெளியார் வரக்கூடாது, ‘வேண்டாதவர்கள்’ கூடக்கூடாது என்பது அவர்கள் பேச்சு. வேண்டாதவர் எனப்பட்டோர் அயற்பகுதிகளின் போட்டோ ரிக்கோக் குடும்பங்களும் கறுப்பின இளைஞர்களும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எவரும் மண் கொட்டவில்லை. எவரும் அவ்வாறு சட்டம் செய்யவில்லை. பூட்டு மட்டும் இருபத்தெட்டு ஆண்டுகள் தொங்கிற்று.

அச்சத்தை ஏளனம் செய்வது எமது நோக்கமன்று. 1980களின் நியூயோர்க்கில் களவும் கொலையும் போதைப்பொருளும் மலிந்திருந்தன. தன் பிள்ளையைத் தெருவில் விட அஞ்சிய தாயின் அச்சம் பொய்யன்று. ஆனால் அஞ்சியவர் கேட்டிருக்கக்கூடியவை வேறு இருந்தன: காவல் கேட்டிருக்கலாம், விளக்குக் கேட்டிருக்கலாம், நீச்சல் ஆசிரியரைக் கேட்டிருக்கலாம். அவர்கள் கேட்டது பூட்டு. ஆபத்தைத் தடுக்கும் பூட்டுக்கும் ஆளைத் தடுக்கும் பூட்டுக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை என்பதுதான் தொல்லை. ஜாக்சன் நகரமும் பாதுகாப்பு என்றே சொன்னது.

தடாகம் இல்லாவிட்டால் என்ன, உயிரா போய்விடும் என்று கேட்போர் உளர். போகத்தான் செய்கிறது. நீந்தத் தெரியாத பெற்றோர் பிள்ளைகளை நீரருகே விடுவதில்லை. விடாத பிள்ளை கற்பதில்லை. கற்காத பிள்ளை ஒருநாள் எங்கோ தவறி விழுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் கணக்கின்படி, 10 முதல் 14 வயதுக் கறுப்பினச் சிறுவர் நீச்சல் தடாகங்களில் மூழ்கி இறக்கும் வீதம் அதே வயது வெள்ளையினச் சிறுவரின் வீதத்தைவிட ஏழு மடங்குக்கும் மேலானது. பாட்டன் காலத்தில் சாத்திய கதவு பேரன் காலத்தில் உயிர் குடிக்கிறது. ஹியூகோ பிளாக் உள்ளங்களைத் துருவ மறுத்தது சரியோ தவறோ, விளைவைத் துருவியிருக்கலாம். அதற்கு எவருடைய மனத்துள்ளும் நுழைய வேண்டியதில்லை.

வறண்டு கிடந்த மக்கேரனின் கொங்கிறீற்றுத் தரைக்கு 2005இல் நடனக் கலைஞர்கள் வந்தனர். பின்னர் இசைக் கச்சேரிகள் நடந்தன. ஆயிரக்கணக்கான இளைஞர் நீரில்லாத தடாகத்தின் அடியில் நின்று பாட்டுக் கேட்டனர். கலை கட்டடத்தைக் காத்தது என்று அதற்கு நன்றி கூறவேண்டும். 2007இல் நகரம் அதனைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்கியது. அதே ஆண்டில் மீட்புக்கென ஐந்து கோடி டொலர் அறிவிக்கப்பட்டது. 2012 ஜூன் 28ஆம் நாள் நீர் திரும்பியது. தடாகம் முன்னையிலும் சிறியது. ஒரே வேளையில் 1,500 பேருக்கு இடம். செங்கல் வளைவுகள் அப்படியே நிற்கின்றன. அனுமதி இலவசம், 1936இல் பெரியோரிடம் சதங்களை வாங்கிய வாயில் இன்று எவரிடமும் எதுவும் வாங்குவதில்லை. சொந்தமாகப் பூட்டு ஒன்று கொண்டுவர வேண்டும் என்பது போன்ற விதிகள் மட்டும் உண்டு.

மகிழ்ச்சியில் ஒரு முள்ளும் இருக்கிறது; அதனை மறைத்தால் வரலாறு விளம்பரமாகிவிடும். 2005இல் நகரம் கிரீன்பொயின்ற், வில்லியம்ஸ்பேர்க் ஆற்றங்கரைகளில் உயர்ந்த மாடிகள் கட்ட வழிவிட்டது. தொழிற்சாலைகள் நின்ற இடங்களில் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன, வாடகை ஏறியது. மறியல் செய்தோரின் பிள்ளைகளும், யாருக்கெதிராக மறியல் நடந்ததோ அவர்களின் பிள்ளைகளும், ஒரே வாடகைச் சீட்டினால் துரத்தப்பட்டனர். ஒருவரையொருவர் நீரில் காணச் சகியாதவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். பழைய குடிகள் தேய்ந்து செல்வர் குடியேறிய பின்னரே பணம் பிறந்தது என்று ஐயுறுவோரை நாம் குறைகூற மாட்டோம். எனினும் அந்த ஐயத்தைக் காரணமாக்கி மீட்பையே பழிப்பதும் பொருந்தாது. மாளிகைக்காரருக்கு மாடியிலேயே தடாகம் உண்டு. இலவச வாயிலில் வெயிலில் வரிசையாக நிற்போர், பெரும்பாலும் தூரத்துத் தெருக்களிலிருந்து பிள்ளைகளையும் பூட்டையும் கையிற் பிடித்துக்கொண்டு வருபவர்களே. தெருவைச் செல்வர் வாங்கிவிட்டனர்; தடாகத்தை வாங்க முடியவில்லை. அது பொதுவானதாக இருந்ததனால் மட்டும்.

திறந்த முதல் வாரத்திலேயே இளைஞர் சிலர் உயிர்காப்போருடன் கைகலந்தனர். பொலிஸார் மீதும் அடி விழுந்தது. பத்திரிகைகள் பெரிய எழுத்தில் எழுதின. ‘அன்றே சொன்னோமே’ என்ற குரல்கள் பழைய தெருக்களிலிருந்தும் புதிய மாடிகளிலிருந்தும் ஒருங்கே எழுந்தன. 1984இல் இருந்த அதே அச்சம், அதே வாயில், ஏறத்தாழ அதே சொற்கள். இம்முறை நகரம் காவலரைக் கூட்டியது, தடாகத்தை மூடவில்லை. வெயில் தணியாத அந்தக் கோடை முழுவதும் நாள்தோறும் முற்பகல் பதினொரு மணிக்குக் கதவு திறந்தது.